அரசர் காலத்துக் கோட்டும் ஆறு பொத்தான்களும்

சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில், “ரேஞ்சர் வந்தாச்சா?” என்று யாராவது கேட்டால் வனத்துறை ஜீப்பைத் தேட வேண்டாம். அவர்கள் கேட்பது சங்கிலிமுத்துவை. ஆஃப்செட் அச்சகத்தில் நாலு கலர் மெஷின் ஓட்டுகிறவர், வயது நாற்பத்தெட்டு. காடு என்று அவர் பார்த்ததெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸின் ஜன்னலில் தெரியும் மலையடிவாரம்தான். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஒரு வனக்காவலர் என்ன பச்சையில் கழுத்துப்பட்டை வைத்துத் தைத்தார், அவருடைய மேலதிகாரியின் தோளில் எத்தனை புரிக் கயிறு கிடந்தது என்று கேட்டால், டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார், அதுதான் டீக்கடைக்காரரின் கஷ்டம்.

மழை தப்பித் தவறிப் பெய்கிற ஊர் இது. வெயில் காய்கிறது என்பதால்தான் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் இங்கே வந்து உட்கார்ந்தன. மார்கழியில் நாலு நாள் காலையில் காதில் துண்டைக் கட்டிக்கொண்டால் அதோடு குளிர் முடிந்தது. அப்பேர்ப்பட்ட ஊரில், இரண்டு அறை வீட்டில், பாச்சை உருண்டை போட்ட இரும்புப் பெட்டிக்குள் பதினோரு கம்பளிக் கோட்டுகளை மடித்து வைத்திருக்கிறார் இந்த மனிதர். ஒன்றைக்கூட ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. போட்டுப் பார்த்தால் தோள் தையல் விட்டுப்போகும் என்பார். மனைவி வள்ளித்தாயையும் தொடவிட்டதில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்தது 2008இல். ஜெர்மனியில் ஒரு சின்னப் பதிப்பகம், தன் புத்தகம் ஒன்றை இங்கே அச்சடிக்க ஆர்டர் கொடுத்தது. அந்த நாட்டு வனத்துறையின் பழைய சீருடைகளை அடையாளம் காண்பது எப்படி என்று சேகரிப்பாளர்களுக்குச் சொல்லும் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் படம். நிறம் பிசகக் கூடாது என்று நிஜக் கழுத்துப்பட்டை ஒன்றையே பார்சலில் அனுப்பியிருந்தார்கள். கரும்பச்சைத் துணி, அதன்மேல் வெள்ளி நூலில் மூன்று ஓக் இலை, ஒரு காய். காலண்டர் முருகனின் மயிலுக்கு அடிக்கிற பச்சை சங்கிலிமுத்துவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்தப் பச்சையோ வர மறுத்தது. நீலத்தைக் கூட்டினால் மயிலாகிவிட்டது, மஞ்சளைக் கூட்டினால் பாசியாகிவிட்டது. மூன்றாம் நாள் துளி கறுப்பு சேர்த்து ஓட்டியபோது, தாளும் துணியும் அக்கம்பக்கமாக ஒரே நிறத்தில் நின்றன. அப்போது அவருக்கு உண்டான சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட உண்டாகவில்லை என்று சொல்லுவார், அதுவும் வள்ளித்தாய் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுவார்.

நிறம் சரியாக வருவதற்கு முன்னால் வீணான தாள்களை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். எழுத்து புரியாவிட்டால் என்ன, படம் புரிந்தது. எந்த மாகாணத்துக்கு எந்த இலை, எந்தப் பதவிக்கு எத்தனை புரி, எந்தக் காலத்துக்கு எந்தப் பொத்தான் என்று ஒரு வருஷத்தில் மனப்பாடம் ஆகிவிட்டது. அடுத்த பதிப்பு அச்சுக்கு வந்தபோது ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினார். ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் பாண்டிமீனாவைக் கூப்பிட்டு, “தாயி, இந்தப் படத்தைத் திருப்பிப் போட்டுருக்காக. ஆம்பளைக் கோட்டுக்குப் பட்டன் வலது கைப் பக்கம்ல இருக்கணும்” என்றார். பாண்டிமீனா மெயில் அனுப்பினாள். ஆமாம், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகிவிட்டது, முதல் பதிப்பிலும் அப்படியேதான் போயிருக்கிறது, இத்தனை வருஷம் படித்தவர் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்று பதில் வந்தது. அனுப்பியவர் ஹன்னா, அந்தப் புத்தகத்தின் பதிப்பாசிரியர். அன்றிலிருந்து சந்தேகமான படம் எதுவானாலும் அது முதலில் திருத்தங்கலுக்கு வந்துபோனது.

கோட்டுகள் வந்து சேர்ந்த வழி இன்னும் வேடிக்கை. அச்சகத்தில் மை துடைப்பதற்குப் பழந்துணி மூட்டை மூட்டையாக வரும். வெளிநாட்டில் கழித்துப் போட்ட உடுப்புகள், மறுபடி யாரும் உடுத்த முடியாதபடி கிழிக்கப்பட்டுக் கப்பலேறி வந்தவை. மற்றவர்கள் அதில் துடைக்கத் தோதான பனியன் துணியைத் தேடுவார்கள். சங்கிலிமுத்து பச்சையைத் தேடுவார். இரண்டு கோட்டு அப்படிக் கிடைத்தவை. மற்றவை, அவர் சொன்ன அடையாளம் சரியாக இருந்ததற்கு நன்றியாக அங்கங்கே உள்ள சேகரிப்பாளர்கள் தங்களிடம் இரண்டாய் இருந்ததில் ஒன்றை அனுப்பிவைத்தவை.

அவர் சோதிக்கிற முறையைப் பார்க்க வேண்டும். உள்மடிப்பிலிருந்து ஒரே ஒரு நூலை உருவி அதற்குத் தீக்குச்சியைக் காட்டுவார். முடி கருகும் வாடை வந்தால் கம்பளி, உருகிச் சுருண்டால் தள்ளு. அப்புறம், ரூபாய் நோட்டைச் சோதிக்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கைத் தையல் மேல் பிடிப்பார். இந்தக் காலத்து நூல் வெள்ளை வெளேரென்று ஒளிரும், பழைய நூல் செத்துக் கிடக்கும். இவ்வளவும் முடிந்து அவர் ஒரு வருஷத்தைச் சொன்னால் அது அந்த வருஷம்தான். “இருக்கலாம்”, “போலத் தெரியுது” என்ற பேச்செல்லாம் அவரிடம் கிடையாது.

அந்தப் பதினொன்றில் ராஜா என்று ஒரு கோட்டு இருந்தது. 2019இல் பழந்துணி மூட்டையில் கிடைத்தது. முதுகில் மட்டும் ஒரு கிழி கிழித்து அனுப்பியிருந்தார்கள், மற்றபடி முழுசு. சாம்பலும் பச்சையும் கலந்த தடித்த கம்பளி, கரும்பச்சைக் கழுத்து, முன்னால் ஆறு பித்தளைப் பொத்தான், ஒவ்வொன்றிலும் மகுடம் வைத்த கழுகு. முதல் உலகப் போருக்கு முந்தியது, பிரஷ்ய அரசர் காலத்து வனத்துறையின் கோட்டு என்று சங்கிலிமுத்து தீர்ப்புச் சொன்னார். படங்களைப் பார்த்த ஹன்னாவும் ஒத்துக்கொண்டார். புதிய பதிப்பில் 112ஆம் பக்கம் முழுக்க அந்தக் கோட்டுக்கு என்று ஒதுக்கினார். படத்துக்கு அடியில், ‘அடையாளம் கண்டவர்: சங்கிலிமுத்து, சிவகாசி’ என்று ஒரு வரி.

அந்த ஒரு வரிதான் அவருக்கு எல்லாம். இருபத்தாறு வருஷத்தில் எத்தனை லட்சம் தாள் அவர் கைவழியே போயிருக்கும். அரசியல்வாதி பெயர், நகைக்கடை பெயர், பூப்புனித நீராட்டு விழாப் பெண்ணின் பெயர் என்று ஊரில் உள்ளவர்கள் பெயரையெல்லாம் அச்சடித்தவர். அவருடைய பெயர் தாளில் ஏறியது அவர் கல்யாணப் பத்திரிகையில் மட்டும். இப்போது ஒரு புத்தகத்தில், அதுவும் விஷயம் தெரிந்தவர்கள் படிக்கிற புத்தகத்தில், தான் ஓட்டுகிற மெஷினிலேயே ஏறப்போகிறது. வீட்டுக்கு வந்தவர், வழியில் பார்த்தவர் எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டார்.

ஹன்னாவே நேரில் வருவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை காலையில் அச்சகத்துக்கு வந்து, மெஷினிலிருந்து எடுக்கிற முதல் நல்ல தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துத் தாளை மெஷின் பக்கத்தில் மாட்டிவைத்து, அதே மாதிரி மீதி அத்தனையையும் ஓட்டுவது இங்கே வழக்கம். கையெழுத்து விழுந்துவிட்டால் அப்புறம் யாரும் எதையும் மாற்ற முடியாது. மத்தியானம் வீட்டுக்கு வந்து கோட்டைக் கையில் தொட்டுப் பார்ப்பதாகவும் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், பாச்சை உருண்டை வாடை போகட்டும் என்று கோட்டை எடுத்து வீட்டுக்குப் பின்னால் நிழலில் கொடியில் போட்டுவிட்டு, மெஷினில் அச்சுத்தகடு மாட்டுகிற வேலை இருக்கிறதென்று சங்கிலிமுத்து அச்சகத்துக்குப் போனார்.

வள்ளித்தாய்க்கு ஞாயிறு ஒருநாள்தான் லீவு. விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக வேலை, திரி கட்டுவதில் கைகாரி. அந்தக் கம்பெனி வாசலில் ஃபோர்மேன் ஊக்கு, கொக்கி, சாவி என்று இரும்பு எதையும் உள்ளே விடமாட்டார். உரசினால் பொறி, பொறி விழுந்தால் எல்லாம் முடிந்தது. அதனால் புதுச்சட்டை எடுத்தால் உடுத்துவதற்கு முன்னால் அதிலுள்ள கொக்கிகளைப் பாதி பிளேடால் அறுத்தெறிந்துவிட்டுத் துணியில் முடிச்சு வைத்துத் தைப்பது அவள் பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு செய்வாள், துணியில் கீறல் விழாது.

கொடியில் தொங்கிய கோட்டைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அது வெளிச்சத்தில் அவள் கண்ணில் பட்டதே இரண்டு மூன்று தடவைதான். ஆறு பொத்தானும் களிம்பேறிக் கறுத்துக் கிடந்தன. சீமையிலிருந்து ஒரு பெண் இதைப் பார்க்க வீடு தேடி வருகிறாள், வந்து பார்த்தால் வீட்டுக்காரியைப் பற்றி என்ன நினைப்பாள் என்று வள்ளித்தாய்க்கு மானம் போனது. துணியில் வைத்தே விளக்கினால் புளித்தண்ணீர் ஊறிக் கறையாகும். ஆகவே பிளேடை எடுத்தாள். ஆறையும் சுத்தமாக அறுத்தாள். வெள்ளிக்கிழமை குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி புளி போட்டு, சாம்பல் போட்டு, மறுபடி புளி போட்டுத் தேய்த்தாள். கணவர் வருவதற்குள் திரும்பத் தைத்துவிடலாம் என்பது கணக்கு. கணக்குத் தப்பியது, சங்கிலிமுத்து சாப்பாட்டுக்கே வந்துவிட்டார்.

எவர்சில்வர் தட்டில் ஆறு பொத்தான் பளபளவென்று கிடந்தன. கோட்டு மார்பைத் திறந்துபோட்டுக்கொண்டு தொங்கியது. சங்கிலிமுத்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கொடிக்கு ஓடினார்.

பழம்பொருள் சேர்க்கிறவர்களுக்குக் களிம்புதான் சாட்சி. பொத்தானில் ஏறிய களிம்பு, அது துணியில் இறங்கிய கறை, இரண்டையும் பிடித்துவைத்திருக்கும் நூல், இவை மூன்றும் சேர்ந்து நின்றால்தான் இந்தப் பொத்தான் இந்தக் கோட்டுக்குப் பிறந்தது என்று சொல்ல முடியும். அந்தச் சேர்க்கையை ஒரே காலைப்பொழுதில் காலி செய்திருந்தாள் வள்ளித்தாய்.

அப்புறம் சத்தம் வந்தது. கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா என்றார். உனக்கு என்ன தெரியும் இதுல என்றார். பட்டாசுக்குத் திரி கட்டுறவளுக்கு இதத் தொட என்ன யோக்கியதை இருக்கு என்றும் கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. வள்ளித்தாய் எதிர்த்துப் பேசுகிறவள்தான், ஆனால் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. தப்புத் தன்மேல் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவர் பேசி ஓய்ந்து உட்கார்ந்த பிறகுதான் பொத்தான்களை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

“ஒண்ணு சொல்லட்டுங்களா? இதுல ரெண்டு பித்தளையே இல்ல. இரும்புல பித்தளை பூசிருக்கு.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“இரும்பையும் பித்தளையும் தெரியாமயா அங்கன இம்புட்டு வருசம் உசுரோட வேல பாக்கேன்?”

வள்ளித்தாய் கோட்டைக் கொடியிலிருந்து எடுத்து அவர் மடியில் போட்டாள். பொத்தான் இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“எனக்கு முன்னாலயே ஒருத்தரு இத அறுத்திருக்காக. பாருங்க.”

பார்த்தார். அச்சகத்தில் புள்ளி புள்ளியாக மை பார்க்கிற லென்ஸை வைத்துப் பார்த்தார். பொத்தான் ஒரு ரூபாய்க் காசு அளவு. துணியில் வெளுக்காமல் இருந்த வட்டமோ பத்து ரூபாய்க் காசு அளவு. பல வருஷம் அந்த இடத்தில் வேறொரு பெரிய பொத்தான் உட்கார்ந்து வெயிலை மறைத்திருக்கிறது. வட்டத்தின் நடுவில் கரும்பச்சை நூல் முனைகள், ஒட்ட நறுக்கப்பட்டு, கம்பளிக்குள் புதைந்து கிடந்தன. ஆறு இடத்திலும் அப்படியே.

கதவைச் சாத்தி ஊதா விளக்கைப் பிடித்தார். கோட்டின் தையல் எல்லாம் செத்துக் கிடந்தது. புதைந்த பச்சை முனைகளும் செத்துக் கிடந்தன. வள்ளித்தாய் அறுத்த நூல் மட்டும் வெள்ளையாய் ஒளிர்ந்தது.

யாரோ ஒருவர், அண்மைக் காலத்தில், சாதாரணப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு அரசர் காலத்துக் கழுகுப் பொத்தான்களை, பற்றாததற்கு இரண்டு போலியையும் சேர்த்து, வைத்துத் தைத்திருக்கிறார். நாடகத்துக்கோ, யாரையாவது ஏமாற்றவோ. ஐந்து வருஷமாக இந்தக் கோட்டின் ஒவ்வொரு தையலிலும் விளக்கைப் பிடித்தவர், பொத்தானைச் சாய்த்து அடியில் ஒருதரம் பிடிக்கவில்லை. கழுகைப் பார்த்ததும் மயங்கிவிட்டார். பார்க்கத் தெரியாமல் இல்லை, பார்க்க மனசில்லாமல் இருந்தது என்பதும் அவருக்கு இப்போது புரிந்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு 112ஆம் பக்கமும் நினைவுக்கு வந்தது.

“நா திரும்பத் தச்சுத் தாரேன்,” என்றாள் வள்ளித்தாய். “அடுப்புக் கரியும் எண்ணெயும் தடவுனா மினுக்கம் அடங்கிரும். ஒருத்தருக்கும் தெரியாது. ஊரெல்லாம் சொல்லிட்டீகளே.”

அவள் தைத்தால் தெரியாதுதான். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. ஹன்னா மத்தியானம் வந்து கோட்டைத் தடவிப் பார்ப்பார், தலையாட்டுவார், போய்விடுவார். பெயர் புத்தகத்தில் இருக்கும். சங்கிலிமுத்து தைக்கவும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கோட்டை மடித்து மஞ்சள் பையில் வைத்தார், பொத்தான்களை டிபன் டப்பாவில் போட்டு மூடினார், சாப்பிடாமல் மறுபடி அச்சகத்துக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை ஹன்னா சொன்ன நேரத்துக்கு வந்தார். அறுபது வயது இருக்கும், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், வந்ததும் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டார். மெஷின் ஓடியது. சங்கிலிமுத்துவோடு வேலை பார்க்கும் கருப்பணன், உறவில் மாமன் முறை, இரண்டு கையாலும் முதல் நல்ல தாளை ஏந்திவந்து விளக்கின் கீழ் மேசையில் விரித்தார். எட்டுப் பக்கம், எட்டிலும் பச்சை, எட்டிலும் சரியான பச்சை. வலது மூலையில் ராஜா நின்றது, அடியில் அந்த வரி. தன் பெயர் இப்படிக் கூர்மையாக, துளி பிசிறில்லாமல், தன் கையாலேயே அச்சாகியிருப்பதைச் சங்கிலிமுத்து குனிந்து பார்த்தார். இத்தனை அழகாக அவர் வாழ்க்கையில் வேறெதையும் அச்சடித்ததில்லை.

ஹன்னா ஒவ்வொரு பக்கமாக லென்ஸ் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார். பேனா மூடியைத் திறந்தார்.

“தாயி, கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்லு,” என்றார் சங்கிலிமுத்து பாண்டிமீனாவிடம்.

“என்ன அண்ணாச்சி? கலர் சரியில்லையா?”

“கலர்ல ஒரு கொறையும் இல்ல. நா சொன்னதுலதான் கொறை.”

மஞ்சள் பையிலிருந்து கோட்டை எடுத்துத் தாளின் மேலேயே விரித்தார். டப்பாவைத் திறந்து பொத்தான்களை ஒவ்வொன்றாக அதனதன் வட்டத்தில் வைத்தார். ஒன்றுகூட வட்டத்தை நிறைக்கவில்லை. விளக்கை அணைக்கச் சொல்லி ஊதா விளக்கைப் பிடித்தார். பேசினதெல்லாம் தமிழ்தான், பாண்டிமீனா பின்னாலேயே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனால் ஹன்னா பாதி நேரம் அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, விரல் போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது காட்டிலாகாக் கோட்டுதான். அதுல மாத்தம் இல்ல,” என்றார் சங்கிலிமுத்து. “வட்டம் இம்புட்டுப் பெருசுன்னா இதுக்குப் பெறந்தது மான்கொம்புப் பட்டன். அப்படிப் பட்டன் வச்சு, ரெண்டாவது உலகப் போரு முடிஞ்சு பத்து வருசத்துக்குள்ள தச்சது. அந்தக் காலத்து நூலும் வெளக்குல ஒளிராது, அதனாலதான் நா ஏமாந்தேன். அரசர் காலம்னு நா சொன்னது தப்பு.”

தப்பு என்பதையும் அவர் அதே குரலில்தான் சொன்னார், மற்றக் கோட்டுகளுக்கு வருஷம் சொல்கிற குரலில்.

“ஏலே மாப்ள,” என்றார் கருப்பணன் மெதுவாக, “ஒம் பேரு போயிருமேலே.”

“போகட்டும்.”

போகட்டும் என்று சொன்னாரே ஒழிய, அந்த நிமிஷம் அவருக்கு மனசு கிடந்து துடித்தது. ஹன்னா பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். கோட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பாண்டிமீனாவிடம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“அண்ணாச்சி, இந்தப் பக்கத்தை எடுத்திரணும்ங்காக. ஆனா கோட்டை எடுக்க வேண்டாமாம். மாத்தித் தச்ச கோட்டுகளைக் கண்டுபிடிக்கிறதுன்னு பின்னால ஒரு அத்தியாயம் இருக்குல்ல, அதுல எல்லாமே எழுத்தாத்தான் சொல்லியிருக்காம், காட்டுறதுக்கு ஒரு நல்ல படம் இல்லையாம். பெரிய வட்டம், சின்ன பட்டன், பழைய நூலு, புது நூலு, எல்லாம் ஒரே கோட்டுல இம்புட்டுத் தெளிவா அவங்களே பார்த்ததில்லையாம். இன்னைக்கே படம் எடுத்துப் போடலாம்ங்காக. ஒங்க பேரும் இருக்கும்.”

கருப்பணன் முகம் மலர்ந்துவிட்டது. சங்கிலிமுத்து மேசையில் கிடந்த கோட்டை மடிக்க ஆரம்பித்தார். மடித்துக்கொண்டே கேட்டார்.

“பேருக்கு முன்னால என்ன போடுவாக?”

“கண்டுபிடிச்சவர்னு.”

“நா கண்டுபிடிக்கலயே. அஞ்சு வருசம் கையில வச்சிருந்தும் கண்டுபிடிக்கல. அறுத்தது என் வீட்டுக்காரி. பித்தளை எது இரும்பு எதுன்னு சொன்னதும் அவதான், முன்னாலயே அறுபட்டுருக்குன்னு காட்டுனதும் அவதான். அவ பேரைப் போடச் சொல்லு.”

பாண்டிமீனா எழுதுவதற்குக் குறிப்பேட்டை எடுத்தாள். “நெசமாத்தான் சொல்றீகளா? ரெண்டு பேரு பேரையும் போடலாமே அண்ணாச்சி.”

“கோட்டு என் பெட்டியில இருந்துச்சு. பெட்டிக்கெல்லாம் பேரு போட மாட்டாக. வள்ளித்தாய்னு எழுது.”

புதுப் படம் எடுத்து, பக்கத்தை மாற்றி, நாலு நிறத்துக்கும் அச்சுத்தகடு புதிதாகப் போட்டு மெஷினில் ஏற்றச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆனது. இந்த முறை ஹன்னா கையெழுத்துப் போட்டார். சங்கிலிமுத்து மெஷினை விட்டு நகரவில்லை. அந்த ஒரு வரியின் கறுப்புக்காக மை அளவைக் கூட்டிக் குறைக்கிற சாவியை மூன்று தடவை திருத்தினார். எதுக்கு இம்புட்டு மெனக்கெடல், யாரு லென்ஸ் வச்சா பாக்கப் போறா என்று கருப்பணன் கேலி செய்தார். நா பாப்பேன் என்றார் சங்கிலிமுத்து.

அன்று சாயங்காலம் கம்பெனி வேன் வந்து வள்ளித்தாய் இறங்கியபோது அவர் வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இருவருக்கும் சரியான பேச்சு இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில், அதோடு சரி. மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் எப்போதும் இருந்ததில்லை, அவருக்கு அது எப்படிக் கேட்பது என்றும் தெரியாது. நறுக்கிக் கொண்டுவந்த ஒரு பக்கத்தை நீட்டினார். கையில் மருந்துத் தூள் இருக்கிறது என்று அவள் வாங்கவில்லை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்துவிட்டு வந்துதான் வாங்கினாள்.

கோட்டைத் தெரிந்துகொண்டாள். திறந்த மார்பு, ஆறு வட்டம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் தான் தேய்த்த பொத்தான். கீழே இருந்தது அவளுக்குப் புரியாத எழுத்து.

“என்ன எழுதிருக்கு?”

அவர் பக்கத்தில் வந்து, விரலை வைத்து, பாண்டிமீனா சொல்லிக்கொடுத்தபடி மெல்ல வாசித்தார். “பொத்தான்களை அகற்றி, இந்தக் கோட்டு பிற்காலத்தில் மாற்றப்பட்டது என்று கண்டறிந்தவர், வள்ளித்தாய், சிவகாசி.”

வள்ளித்தாய் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஒங்க பேரு எங்கன இருக்கு?”

“இதுல இல்ல.”

“வேற பக்கத்துல?”

“எங்கனயும் இல்ல. கண்டுபிடிச்சவுக பேருதான் போடுவாக.”

இருபத்திரண்டு வருஷமாக அவள் கட்டிய வெடிகளின் மேல் சாமி பெயர் இருந்தது, முதலாளி மகள் பெயர் இருந்தது, சினிமாக்காரர்களின் முகம்கூட இருந்தது. தன் பெயரை இப்படி ஒரு தாளில் பார்க்கலாம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அவர் எதை விட்டுக்கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும், வேறு யாருக்கும் அந்த அளவு தெரியாது. அழுகை வந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

“அன்னைக்கு அம்புட்டுப் பேச்சுப் பேசுனீகளே.”

“பேசுனேன். பேசியிருக்கக் கூடாது.”

“தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. இதை மட்டும் என் காதோட வாசிக்கிறீக.”

சங்கிலிமுத்து தாளை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். குழாயடியில் நாலு பேர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் சொல்லிலிருந்து உரக்க வாசிக்க ஆரம்பித்தார்.